தாளப் பெட்டிக்கு உயிர் உண்டா?

மின்சாரத் தாளத்துக்கு உயிர் இல்லையென்று சங்கீதாபிமானிகள் சாதிக்கிறார்கள். இவர்கள் தருவைகுளத்துக் கரைக்கு ஒரு நாள் வரவேண்டும். துடுப்பு வலித்த காலத்தில் அம்பாப் பாட்டு இருந்தது. இன்று இருப்பது விசைப்படகு. அதன் டீசல் எஞ்சின் ஒரு துடிப்புத் தவறினால் டிரைவர் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவார். இயந்திரத்தின் தாளம் மனிதனுக்கு ஒட்டாது என்று அவரிடம் சொல்லிப் பாருங்களேன்!

ஜப்பானிய ரோலண்ட் கம்பெனி 1980-இல் டி.ஆர்.-808 என்ற அனலாக் தாளப் பெட்டியை வெளியிட்டது. அதற்குள் எந்த வாத்தியத்தின் ஒலிப்பதிவும் கிடையாது. மின்சுற்றைத் தூண்டினால், தட்டிவிட்ட வெண்கல மணிபோல் அதிர்ந்து அடங்குகிறது. அவ்வளவுதான். அசல் டிரம் மாதிரி இல்லையென்று பலர் ஒதுக்கினார்கள். சுமார் 12,000 பெட்டிகளோடு 1983-இல் உற்பத்தி நின்றது. பிறகு மலிவாகக் கிடைத்ததை, காசில்லாத அமெரிக்க இளைஞர்கள் வாங்கி ஆடினார்கள். ஏன்? அது வேறெதையும்போல் நடிக்கவில்லை. மேளமாக நடிக்கும் பெட்டி நமக்கெதற்கு? மேளந்தான் இருக்கிறதே!

மேளக்காரர் பிழைப்புப் போகிறது என்றால், நியாயமான கவலை. அப்படியானால் கூலியைப் பற்றிப் பேசுங்கள், ஐயா. ஆத்மாவை ஏன் நடுவில் இழுக்கிறீர்கள்? திருவிழாக் கச்சேரியில் ஆளைக் குறைப்பது பெட்டியா, கமிட்டியா?

பம்பாயில் சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களை இந்தப் பெட்டியின் தாளத்தில் வாசித்து இசைத்தட்டுப் போட்டார். அன்று சீந்துவாரில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்து மேல்நாட்டார் மெச்சிய பிறகு நம்மவர்களும் மெச்சினார்கள். அந்த இருபத்தெட்டு வருஷமும் ராகம் அதில் இருக்கத்தான் இருந்தது.