அடங்காத பிள்ளை

"பையன் அடங்குவதில்லை, டி.ஸி. வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்" என்று தலைமை ஆசிரியர் ஒருவர் சொன்னால், அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைக்கிறார்கள். நான் அதைக் கையாலாகாத்தனம் என்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கிறதென்று அழுகிற குழந்தை பொய் சொல்லவில்லை; பயம் முதலில் வயிற்றைத்தான் பிடிக்கும். கரும்பலகைக்கு முன்னால் ஊமையாகிற பிள்ளையும், பக்கத்துப் பையனின் நோட்டைப் பிடுங்கி எறிகிற பிள்ளையும் பல சமயங்களில் ஒரே பயத்தின் இரண்டு முகங்கள். முன்னவனைச் 'சமர்த்து' என்று மறந்துவிடுகிறோம். பின்னவனைப் 'போக்கிரி' என்று துரத்துகிறோம்.

அடியாத மாடு படியாதாம்! மாட்டுக்குச் சொன்னதை வைத்து மனிதக் குழந்தையை வளர்க்கிறவர்களிடம் சட்டத்தையாவது பேசுவோம். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் 17-வது பிரிவில் தடுக்கிறது. எட்டாம் வகுப்பு முடியுமட்டும் வெளியேற்றக் கூடாதென்று 16-வது பிரிவில் சொல்கிறது. 'நாங்களே விலகுகிறோம்' என்று தகப்பனிடம் எழுதி வாங்குவது அந்தச் சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவுவதல்லவா?

ஐம்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற ஆசிரியரின் கஷ்டம் எனக்குத் தெரியும். தொடக்கப் பள்ளியில் முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்பதும் அதே சட்டந்தான். அதைக் கேட்டு அவர் போராடட்டும். நானும் கூட நிற்கிறேன்.

அதுவரை? பயந்த பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். ஒளிய ஒளியப் பயம் வளரும். நாளைக்கு என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். மூச்சு முட்டினால் வேப்பமரத்தடிக்குப் போய்வர விடுங்கள். காலணா செலவில்லை.

பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ஒத்துவரவில்லை என்கிறீர்களே, பள்ளிக்கூடத்தை யாருக்காக ஐயா கட்டினீர்கள்?