மாமியார் அறைக் கதவு சாத்தியே இருக்கட்டும்!

என் மாமியாருக்கு முடக்குவாதத்தில் பத்து விரல்களும் கோணிப் போய்விட்டன. பேனா நிற்காது. போனில் ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழும். மும்பையில் நர்ஸாக இருக்கும் நாத்தனாருக்குப் பெரும்பாலும் இரவு டூட்டி என்பதால் பேச நேரம் ஒத்துவராது. அதனால் அவர் சொல்லச் சொல்ல, நாலு வருஷமாக நான்தான் சேதி எழுதி அனுப்பினேன். பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு எனக்கு! பெற்ற பெண்ணிடம் மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் அவர் எங்கே போவார்? இது எனக்குத் தோன்றவேயில்லை.

இன்ஜினியரிங் படிக்கும் என் அண்ணன் மகன் வந்தபோது, போனில் மைக் படத்தைத் தொட்டு, "பாட்டி, பேசுங்கோ, அதுவே எழுதும்" என்றான். "ஆத்துக்கு வா" என்றார். "ஆற்றுக்கு வா" என்று எழுதியது. காவிரிக் கரையில் இருக்கிறோம், போனால் போகிறது! பழகப் பழகச் சரியாகிவிட்டது. 1990-ல் அமெரிக்காவில் வந்த 'டிராகன் டிக்டேட்' 9,000 டாலராம். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டுமாம். தமிழுக்கு 2017-ல்தான் கூகுள் இந்த வசதியைக் கொடுத்தது என்றான். இப்போது தனிக்காசு கிடையாது. நெட் இருந்தால் போதும்.

இப்போது மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசுகிறார். என் தலைதான் உருளுகிறதோ என்னவோ! "பிழை திருத்தித் தரட்டுமா அம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "வேண்டாம்மா, அவளுக்குப் புரியும்" என்றார். சகோதரிகளே, உதவி என்று போனை வாங்கிப் படிக்காதீர்கள். பிழையோடு போனாலும் அது அவர்கள் கடிதம்.

ஆனால் எல்லோருக்கும் இது கைகொடுப்பதில்லை. திருச்சி தில்லைநகரில் இருக்கும் என் சித்தி பையனுக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். கையும் வராது, நாக்கும் குழறும். அவன் பேச்சு சித்திக்குப் புரியும், போனுக்குப் புரியவில்லை. என்னென்னவோ எழுதியது. கூட இருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நம்மைப் போல் பேசுகிறவர்கள் குரலைக் கேட்டுத்தான் அது பழகியிருக்கிறது. அவன் என்ன செய்வான்?

சென்னை பக்கம் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில், குழறிப் பேசுகிறவர்களின் தமிழைப் பதிவு செய்து ஆராய்ச்சி நடக்கிறது. 2016-லேயே கட்டுரை வந்திருக்கிறது என்றான் அண்ணன் மகன். ஒரு கல்லூரி போதுமா? போன் கம்பெனிகளும் அரசாங்கமும் ஊர் ஊராக வந்து இந்தக் குரல்களைச் சேர்க்க வேண்டும். திருச்சிக்கு வந்தால், பையனை அழைத்துக்கொண்டு முதல் ஆளாக வர சித்தி தயார்.

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.