அமைதித் தீவுக்குப் போகிறவர்கள் பறவைத் தீவையும் பார்க்கட்டும்

விடுமுறை நெருங்கினால் பினாங்குக் கல்லூரி மாணவர்களின் புலனக் குழுக்களில் ஓர் அழைப்பு தவறாமல் வரும்: "புலாவ் அமான் போகலாமா?" பத்து காவானில் உள்ள பத்து மூசாங் படகுத்துறையில் ஏறினால், கால் மணி நேரத்திற்குள் அந்தத் தீவு வந்துவிடும். அங்கே காரும் இல்லை, பேரங்காடியும் இல்லை. மலாய் மீனவர் கம்பம், நூறு வயது கடந்த ஈரப்பலா மரம், சுடச்சுட இறால் மீ. 'அமான்' என்றால் மலாயில் அமைதி. பெயருக்கு ஏற்ற ஊர்தான். போய் வர வேண்டிய இடம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால், அதே கடலோரத்தில் தெற்கே இன்னொரு 'தீவு' உண்டு. புலாவ் பூரோங், அதாவது பறவைத் தீவு. பெயரில் மட்டும்தான் தீவு. நிபோங் திபாலில், எங்கள் பைராம் தோட்டத்தை ஒட்டிய பைராம் வனக்காப்புப் பகுதிக்குள் இருக்கும் குப்பை நிரப்பு நிலம் அது. பினாங்குத் தீவு, செபராங் பிறை என இரு பக்கத்துக் குப்பையும் இங்கேதான் வந்து சேர்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,000 டன். தீவின் குப்பை பத்து மாவுங்கில் சேர்க்கப்பட்டு, பல ஆண்டுகள் பார்ஜ் படகில் கடல் வழியாகவே கொண்டுவரப்பட்டது. உல்லாசப் பயணிகளைச் சுமந்த அதே நீர்ப்பரப்புதான் அவர்களின் குப்பையையும் சுமந்தது.

2022 ஜனவரியில் இந்தக் கிடங்கு தீப்பற்றியது. குப்பை மேட்டின் அடியில் தீ கனன்றுகொண்டே இருந்ததால் அதை அணைக்கப் பல நாள்கள் பிடித்தன. சன்னல்களை அடைத்தும் எங்கள் வீடுகளுக்குள் புகை நுழைந்தது. செய்தி ஓய்ந்தது, குப்பை வருவது ஓயவில்லை. மழைநீர் குப்பைக்குள் இறங்கிக் கறுத்த நீராக வடிகிறது. அதைச் சுத்திகரிக்கும் வழிகளை நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்து ஆய்வாளர்கள் பல காலமாகத் தேடி வருகிறார்கள்.

இக்கரைக்கு அரண் அலையாத்திக் காடு. உலகின் பல கடற்கரைகளில் மணல் தீவுகள் அலையைத் தடுக்கும். சேறு படிந்த நம் கரையில் அந்த வேலையைச் செய்பவை பாக்காவ் மரங்களின் வேர்கள். 2004 ஆழிப்பேரலையில் மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில்தான் உயிரிழந்தனர். அரணின் அருமை நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதன்று. அந்த அரணின் நடுவில்தான் ஒரு மாநிலத்தின் குப்பையைக் குவித்து வைத்திருக்கிறோம்.

"உங்கள் குப்பையை நீங்களே திரும்ப எடுத்துச் செல்லுங்கள்" என்று சுற்றுலாப் பயணிகளிடம் சொல்வது வழக்கம். நல்ல அறிவுரைதான். ஆனால் 'திரும்ப' என்றால் எங்கே? அமானில் போடாத போத்தல் பைராமுக்கு வருகிறது. ஓர் இடத்தின் அமைதிக்கு இன்னோர் இடம் விலை கொடுக்கிறது. அந்த இன்னோர் இடத்தில் வாழ்பவர்கள் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர் பரம்பரையினரும் மீனவர்களும்.

ஆகவே குப்பையை இடம் மாற்றுவது போதாது, குறைக்க வேண்டும். நெகிழிப் பைகளை இலவசமாகத் தரக்கூடாது என்ற இயக்கத்தை 2009இல் தொடங்கியது பினாங்கு. 2016 ஜூன் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்ற விதியும் இங்கே நடப்பில் இருக்கிறது. விதி தாளில் இருக்க, எத்தனை மாணவர் விடுதிகளில் மிஞ்சிய சோறும் போத்தலும் இன்னமும் ஒரே பையில் போகின்றன!

மாணவர் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த அமான் பயணத்திற்குத் தண்ணீர்க் குடுவையும் உணவுக் கலனும் கொண்டுவராதவருக்குப் படகில் இடமில்லை என்று முதலிலேயே அறிவியுங்கள். பயணத்தில் அரை நாளை எங்கள் கரைக்கும் ஒதுக்குங்கள். இப்பகுதியில் பினாங்கு கடலோர மீனவர் நல அமைப்பினர் 1990களிலிருந்து அலையாத்திக் கன்றுகளை நட்டு வருகிறார்கள். அவர்களோடு சேற்றில் இறங்கி ஆளுக்கொரு கன்று நடுங்கள். கிளம்புமுன், புலாவ் பூரோங் இருக்கும் திசையையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.