வேடந்தாங்கலில் கை தட்டாதீங்க!

குட்டீஸ்... டிவியில் ஆப்பிரிக்கச் சிங்கத்தைப் பார்த்து, 'நாமும் சஃபாரி போக மாட்டோமா' என்று ஏங்குகிறீர்களா? காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, வீட்டுப் பெரியவர்களோடு நண்பனையும் கூட்டிக்கொண்டு வேடந்தாங்கல் போங்கள். பட்டுப் புடவையில் பார்த்த பறவைகள் நூலில் நெய்தவை. இங்கே கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம் எல்லாம் ஏரி மரங்களில் உயிரோடு கூடு கட்டியிருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை பார்க்கலாம்.

இவற்றை முதலில் காத்தது யார் தெரியுமா? ஊர் மக்கள்தான்! பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, 1798ல் பாதுகாப்பு உத்தரவே வாங்கிவிட்டார்கள்.

ஆனால் இன்று சிலர், பறவைகள் பறப்பதைப் பார்க்கக் கை தட்டிக் கூச்சல் போடுகிறார்கள். இது தப்பு! தாய்ப் பறவை பயந்து எழுந்து போனால், குஞ்சுகள் வெயிலில் வாடும். காக்கை முட்டையைத் தூக்கிவிடும்.

துப்பாக்கியையே தடுத்த ஊர் அது. உங்கள் நண்பன் கை தட்டப் போனால், நீங்கள் தடுக்க மாட்டீர்களா?