மாலையைக் கையில் கொடுத்தவர்கள்



'அவெஞ்சர்ஸ்' படத்துல தானோஸ் விரலைச் சொடுக்குவான். உடனே உலகத்துல பாதிப் பேர் தூசியா உதிர்ந்து போவாங்க. இந்தக் காட்சி தெரியாதவங்க நம்ம பள்ளிக்கூடத்துல இருக்கீங்களா? அந்தப் படம் வந்தது 2018-ல். ஆனால் அந்தச் சொடக்கு முதலில் கேட்டது 1991-ல், 'இன்ஃபினிட்டி காண்ட்லெட்' என்ற காமிக்ஸ் புத்தகத்தில். கதை எழுதியவர் ஜிம் ஸ்டார்லின். அந்தக் காட்சியை வரைந்தவர் ஜார்ஜ் பெரஸ். நடிகர் பேர் நமக்குத் தெரியும், டைரக்டர் பேர்கூட சிலருக்குத் தெரியும். வரைந்த மனிதர் பேர்? நான் இன்னிக்கு எழுத வந்தது அவரைப் பற்றித்தான். அதைவிட, அவருடைய கடைசி ஐந்து மாதத்தில் அவர் ரசிகர்கள் செய்த காரியத்தைப் பற்றி.

ஜார்ஜ் பெரஸ் 1954-ல் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். அப்பா அம்மா போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1973-ல் இன்னொரு ஓவியருக்கு உதவியாளாகத் தொழிலுக்குள் வந்தார். அப்புறம் 'அவெஞ்சர்ஸ்' வரைந்தார், 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' வரைந்தார். கார்ட்டூனில் 'டீன் டைட்டன்ஸ்' பார்க்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு சேதி: அதில் வருகிற சைபார்க், ரேவன், ஸ்டார்ஃபயர் மூணு பேரையும் 1980-ல் உருவாக்கியவர்கள் மார்வ் உல்ஃப்மன் என்ற எழுத்தாளரும் இவரும்தான். 1987-ல் 'வொண்டர் வுமன்' கதையைப் புதுசா ஆரம்பித்ததும் இவர்தான். கிரேக்கப் புராணக் கடவுள்களை எல்லாம் கூட்டி வந்து அந்தப் பாத்திரத்துக்கு ஒரு பிறந்த வீடே கட்டிக் கொடுத்தார்.

இவர் படத்தைப் பார்த்தவுடனே கண்டுபிடிச்சிடலாம். எப்படின்னா, கூட்டம்! ஒரு பக்கத்தில் ஐம்பது பேர் நின்றாலும் ஐம்பது முகமும் வேற வேறயா இருக்கும். பின்னால் நிற்கிறவனை வெறும் புள்ளி வைத்து ஏமாற்ற மாட்டார். இடிந்த கட்டடம்னா ஒவ்வொரு செங்கல்லையும் வரைவார். 2003-ல் இரண்டு போட்டிக் கம்பெனிகளும் சேர்ந்து வெளியிட்ட 'ஜே.எல்.ஏ. அவெஞ்சர்ஸ்' என்ற கதையில் மூன்றாம் இதழின் அட்டையில் மட்டும் 200-க்கு மேற்பட்ட பாத்திரங்களை வரைந்திருக்கிறார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. வரைந்து வரைந்து கையில் தசைநார் வீங்கிப் போனதுதான் மிச்சம். இதே கதையை 1983-லேயே அவர் வரையத் தொடங்கி, சுமார் இருபது பக்கம் முடிந்த நிலையில் இரண்டு கம்பெனிக்கும் சண்டை வந்து நின்றுபோனது. இருபது வருஷம் காத்திருந்து முடித்தார். ஹோம்வொர்க்கை நாளைக்குத் தள்ளிப்போடும் நாமெல்லாம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம் (நான் யாரையும் பேர் சொல்லலைப்பா).

கண் பார்வை, சர்க்கரை, இதய நோய் என்று உடம்பு படுத்தியதால் 2019 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார். 2021 டிசம்பர் 7-ந் தேதி ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணையத்தில் புற்றுநோய், மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சை செய்ய முடியாது. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரைதான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மருந்தும் கதிர்வீச்சும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன், இருக்கிற நாளை மனைவியோடும் குடும்பத்தோடும் நண்பர்களோடும் ரசிகர்களோடும் சந்தோஷமாகக் கழிக்கப் போகிறேன் என்பதுதான் அதன் சாரம். படம் வரைந்து தரச் சொல்லி முன்பணம் கொடுத்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்வதாகவும் எழுதினார். சாகப் போறேன்னு சொல்ற கடிதத்தில் கடன் கணக்கையும் தீர்க்கிறார் பாருங்க! முடிந்தால் கடைசியாக ஒரே ஒரு தடவை ரசிகர்கள் எல்லோரையும் சந்தித்து, ஒவ்வொருத்தரையும் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

சிகிச்சை வேண்டாம்னு சொன்னது சரியா என்று எங்கள் வகுப்பில் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. கடைசி மூச்சுவரை போராடணும் என்றது ஒரு கட்சி. என் கருத்து என்னவென்றால், அந்த உடம்பு அவருடையது, அந்த ஆறு மாதமும் அவருடையது. கணையப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் வெளியே தெரியும். குணமாகும் நோய்க்கு மருந்து வேண்டாம் என்றால் நானே சண்டை போடுவேன். இது அப்படியில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கழிய வேண்டிய நாட்களை அவர் மனிதர்களுக்குக் கொடுத்தார்.

இப்போ ரசிகர்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடிதம் வந்த அன்றே ஆரம்பித்துவிட்டார்கள். எந்த வயதில் எந்தப் புத்தகத்தைப் படித்தேன், எந்த விழாவில் அவரைப் பார்த்தேன், அவர் என் நோட்டில் என்ன வரைந்து கொடுத்தார் என்று ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். ஓவியர்கள் படமாகவே வரைந்து அனுப்பினார்கள். 'ஜே.எல்.ஏ. அவெஞ்சர்ஸ்' புத்தகம் பல வருஷமாகக் கடையில் கிடைக்காமல் இருந்தது. அதை மறுபடி அச்சிடுங்கள், அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று கேட்டார்கள். எலியும் பூனையுமாக இருந்த இரண்டு கம்பெனிகளும் சம்மதித்தன! 2022 மார்ச்சில் புத்தகம் வந்தது. லாபம் முழுவதும் 'ஹீரோ இனிஷியேட்டிவ்' என்ற அமைப்புக்கு. வறுமையிலும் நோயிலும் வாடும் காமிக்ஸ் கலைஞர்களுக்கு உதவ 2000-ல் தொடங்கப்பட்டது அது. பெரஸும் அதற்காகப் பல வருஷம் உழைத்தவர்.

ஒரு குறையும் சொல்லணும். அச்சிட்டது 7,000 பிரதிதான். உலகம் முழுக்க உள்ள ரசிகர்களுக்கு 7,000 எந்த மூலைக்கு? கடைக்கு வந்ததும் தீர்ந்துபோனது, சிலர் வாங்கிப் பதுக்கிப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். பாராட்டு விழாவிலும் பிளாக் டிக்கெட்! இன்னும் தாராளமாக அச்சிட்டிருந்தால் அமைப்புக்கும் கூடுதலாகப் பணம் போயிருக்கும் என்பது என் கட்சி.

இப்படி ஒரு உதவி அமைப்பு எதற்கு, காமிக்ஸ் கம்பெனிதான் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. பழைய காலத்தில் ஓவியருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, அவ்வளவுதான். படைத்த பாத்திரம் கம்பெனிக்குச் சொந்தம். சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் 1938-ல் அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வயதான காலத்தில் கஷ்டப்பட்டார்கள். நீல் ஆடம்ஸ் என்ற ஓவியர் முன்னால் நின்று ஊரைக் கூட்டி நியாயம் கேட்ட பிறகுதான், 1975-ல், ஆளுக்கு வருஷத்துக்கு 20,000 டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். பேரையும் போட்டார்கள்.

அந்த நீல் ஆடம்ஸ் 2022 ஏப்ரல் 28 அன்று திடீரென்று இறந்துபோனார். நம்மைப் போன்றவர்கள் 'ஐயா, நீங்க பெரிய ஆளு' என்று சொல்ல அவகாசமே கிடைக்கவில்லை. எட்டு நாள் கழித்து, மே 6-ந் தேதி, ஜார்ஜ் பெரஸும் இறந்தார். வயது 67. மறுநாள், கடைகளில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இலவசமாகக் காமிக்ஸ் கொடுக்கும் நாள். மே 22 அன்று ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் நடந்த காமிக்ஸ் விழாவிலேயே அவருக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். ரசிகர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். ஜூன் மாதம் டி.சி. கம்பெனியின் இதழ்களில் பல ஓவியர்கள் சேர்ந்து வரைந்த இரண்டு பக்கப் படம் அவருக்காக வந்தது. அஞ்சலி எல்லோருக்கும் நடப்பதுதான். எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு முந்தைய ஐந்து மாதம். தன்னைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதை அந்த மனிதர் தானே படித்துவிட்டுப் போனார்.

நம் பக்கத்திலும் கொஞ்சம் பார்ப்போம். சிவகாசியிலிருந்து 1972-ல் 'முத்து காமிக்ஸ்' வந்தபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். எங்க தாத்தா இன்னிக்கும் அந்தக் கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். 'யார் தாத்தா வரைஞ்சது?' என்று கேட்டேன். 'அதெல்லாம் யாருடா பார்த்தா' என்றார். வரைந்தவர் ஜெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாக்காரர். 1995-ல் இறந்துவிட்டார். தாத்தா இப்போது சொல்கிற பாராட்டு அவருக்கு எப்படிப் போய்ச் சேரும்?

நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஐயாவுக்கு உடம்பு சரியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆய்வகச் சுவரில் இருக்கும் இதயம், வராந்தாவில் இருக்கும் இந்திய வரைபடம், இந்தச் சுவரிதழின் தலைப்பில் இருக்கும் மயில், எல்லாம் அவர் கை. அவருக்குப் பிப்ரவரியில் ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தலாம் என்று பேச்சு நடக்கிறது. நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிப்ரவரிக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. ஐயா மேடை ஏறும் நிலையில் அப்போது இருப்பாரா? பொன்னாடை பிப்ரவரியில் வரட்டும். நம்ம பேச்சு இந்த வாரமே போகலாமே! 'நீங்க கற்றுக் கொடுத்த யானை இன்னும் எனக்கு வரும் ஐயா' என்று ஒரு வரி போதும். படமாகவும் வரைந்து தரலாம். படம் நல்லா இல்லைன்னாலும் பரவாயில்லை, அவர் எப்பவும் சிரிச்சுட்டுத்தான் திருத்துவார்.

நூலகத்தில் சாக்பீஸ் டப்பா ஒன்றை மேல் மூடியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். கடிதத்தை அதில் போடுங்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் முடிந்ததும் நாங்கள் ஆறு பேர் சைக்கிளில் ஐயா வீட்டுக்குப் போகிறோம். கூட வருகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டு வாங்க.