மூட்டையில் பாதி தண்ணீர்

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி பலருக்கும் பயன்படும். அவருக்கு 120 மரம். அடி ஓலைகள் மஞ்சளாகிக்கொண்டே வர, மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார். மெக்னீசியம் குறைவு, மரத்துக்கு 500 கிராம் மெக்னீசியம் சல்பேட் இடவும் என்று பரிந்துரை வந்தது. சென்ற ஆண்டு கண்ணாடிச் சில்லுபோல இருந்த படிக உப்பை வாங்கி இட்டார். 25 கிலோ மூட்டை 600 ரூபாய். இந்த ஆண்டு அதே கடையில் படிக உப்பு இல்லை. வெள்ளைப் பொடியாக ஒன்றைக் காட்டினார்கள். மூட்டையில் ‘மோனோஹைட்ரேட்’ என்று அச்சிட்டிருந்தது. விலை 950 ரூபாய். “ரெண்டும் ஒண்ணுதாங்க, அதே அளவு போடுங்க” என்றாராம் கடைக்காரர். பிளஸ் ஒன் படிக்கும் மகளோ மூட்டையைப் படித்துப் பார்த்துவிட்டு, “அதே அளவு போடக் கூடாதுப்பா” என்கிறாளாம். யார் சொல்வது சரி?

மகள் சொல்வதுதான் சரி. கடைக்காரர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. இரண்டும் மெக்னீசியம் சல்பேட்தான். ஆனால், ஒன்றோடு ஒட்டியிருக்கும் தண்ணீர் அதிகம், மற்றதில் குறைவு. தண்ணீர் என்றால் மூட்டை நனைந்துவிட்டது என்று பொருள் அல்ல. உப்பு படிகமாகும்போது, ஒவ்வொரு மெக்னீசியம் சல்பேட்டோடும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நீர் மூலக்கூறுகள் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். அதுதான் படிக நீர். கையில் எடுத்தால் உப்பு உலர்ந்தே இருக்கும், ஈரம் தெரியாது. ஆனால் தராசுக்குத் தெரியும்.

மகள் போட்ட கணக்கு இப்படித்தான் இருந்திருக்கும். மெக்னீசியத்தின் அணு நிறை 24.3. கந்தகம் 32.1. ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் 1. மெக்னீசியம் சல்பேட்டில் ஒரு மெக்னீசியம், ஒரு கந்தகம், நான்கு ஆக்சிஜன். கூட்டினால் 24.3 + 32.1 + 64 = 120.4. இது தண்ணீரே இல்லாத உப்பின் வாய்பாட்டு நிறை. ஒரு நீர் மூலக்கூறின் நிறை 18. சென்ற ஆண்டு வாங்கிய படிக உப்பில் ஒவ்வொரு சல்பேட்டுக்கும் ஏழு நீர் மூலக்கூறு. ஆகவே 120.4 + 126 = 246.4. இந்த ஆண்டுப் பொடியில் ஒரே ஒரு நீர் மூலக்கூறு. ஆகவே 120.4 + 18 = 138.4.

இனி மெக்னீசியம் எவ்வளவு என்று பார்க்கலாம். படிக உப்பில் 246.4 கிராமுக்கு 24.3 கிராம், அதாவது 9.86 சதவீதம். பொடியில் 138.4 கிராமுக்கு அதே 24.3 கிராம், அதாவது 17.56 சதவீதம். படிக உப்பு மூட்டையில் ஒன்பதரை சதவீதத்தை ஒட்டி அச்சிட்டிருப்பதைப் பார்த்து, மீதியெல்லாம் கலப்படமோ என்று கேட்பவர்கள் உண்டு. கலப்படம் அல்ல. 25 கிலோ மூட்டையில் கிட்டத்தட்ட 12.8 கிலோ படிக நீர், சுமார் இரண்டரை கிலோ மெக்னீசியம், மீதி கந்தகமும் ஆக்சிஜனும். சுத்தமான சரக்கே அப்படித்தான் இருக்கும்.

தென்னை விவசாயிக்கு இதைத் தேங்காயை வைத்தே சொல்லிவிடலாம். மட்டையோடு 100 காய், உரித்த 100 காய், இரண்டையும் தராசில் வைத்தால் எடை வேறு வேறு. உள்ளே இருக்கும் பருப்பு ஒன்றுதான். அதனால்தான் காயை எண்ணி விற்கிறோம். ‘மோல்’ என்று பள்ளிப் பாடத்தில் வருவதும் எண்ணிக்கைதான். 12 வாழைப்பழம் ஒரு டஜன் என்பதுபோல, 602-க்குப் பின்னால் 21 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணை ஒட்டிய அளவு துகள்கள் ஒரு மோல். அத்தனை துகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது என்பதால் நிறுத்து எண்ணுகிறார்கள். வாய்பாட்டு நிறை எத்தனையோ, அத்தனை கிராம் எடுத்தால் ஒரு மோல். படிக உப்பில் 246.4 கிராமும் பொடியில் 138.4 கிராமும் ஒன்றுக்கொன்று சமம். மட்டைக் காயும் உரித்த காயும் மாதிரி.

அவருடைய மரத்துக்கு வருவோம். 500 கிராம் படிக உப்பு என்பது 500 ÷ 246.4 = 2.03 மோல். மெக்னீசியமாகச் சொன்னால் 49 கிராம். அதே 2.03 மோலைப் பொடியில் எடுக்க, 2.03 × 138.4 = 281 கிராம் போதும். தண்ணீரே இல்லாத ‘அன்ஹைட்ரஸ்’ வகை கிடைத்தால் 244 கிராம். கடையில் கிடைக்கும் சரக்கு நூற்றுக்கு நூறு சுத்தமாக இருக்காது. எனவே மூட்டையில் போட்டிருக்கும் சதவீதத்தை வைத்துக் கணக்கிடுவதே நல்லது. 49-ஐ 100-ஆல் பெருக்கி அந்தச் சதவீதத்தால் வகுக்க வேண்டும். 17 என்று அச்சிட்டிருந்தால் 288 கிராம் வரும். தோப்பில் வேலை செய்யும் ஆளுக்கு 290 என்று சொல்லிவிடலாம்.

கடைக்காரர் சொன்னபடி 500 கிராம் பொடி போட்டால் மரத்துக்கு 88 கிராம் மெக்னீசியம் போகும், தேவையைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. அதனால் மரம் பட்டுப்போகாது. ஆனால் வேர் உறிஞ்சும் இடத்தில் மெக்னீசியமும் பொட்டாசியமும் ஒன்றோடொன்று போட்டி போடுபவை. தென்னை அதிகம் கேட்பது பொட்டாஷ். மெக்னீசியத்தை ஆண்டுதோறும் அளவு மீறிக் கொட்டினால் பொட்டாஷ் எடுப்பது குறையும். இது மறுபக்கமும் உண்டு. பொட்டாஷை மட்டும் தாராளமாகப் போட்டுவந்த தோப்புகளில் மெக்னீசியக் குறைபாடு தலைகாட்டுவது வழக்கம். கேள்வி கேட்டவர் தம் பொட்டாஷ் அளவையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

பணக் கணக்கும் இருக்கிறது. 120 மரத்துக்கு 500 கிராம் வீதம் 60 கிலோ, அதாவது மூன்று மூட்டை. பொடியை அப்படி வாங்கினால் 2,850 ரூபாய். கணக்குப்படி 281 கிராம் என்றால் 34 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மூட்டை, 1,900 ரூபாய். மகளின் கணக்கு ஒரு மூட்டையை மிச்சம் பிடித்திருக்கிறது! விலை கூடுதலாகத் தெரியும் பொடிதான் உண்மையில் மலிவும்கூட. படிக உப்பில் ஒரு கிலோ மெக்னீசியம் 243 ரூபாய்க்கு வந்தது, பொடியில் 216 ரூபாய்தான். மீதமாகும் 16 கிலோவை வாய் இறுகக் கட்டி, தரையில் படாமல் வைக்க வேண்டும். பொடி காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகும், எடையும் கூடும், மெக்னீசியம் கூடாது. படிக உப்பு இதற்கு நேர்மாறு. வறண்ட வெயில் காலத்தில் திறந்து வைத்தால் நீரை இழந்து, பளபளப்புப் போய் மேலே வெள்ளை பூக்கும். கெட்டுப்போனது என்று அதைக் கொட்டிவிட வேண்டாம். கிலோவுக்கு மெக்னீசியம் முன்பைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும்.

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். சில மூட்டைகளில் மெக்னீசியம் என்று போடாமல் ‘மெக்னீசியம் ஆக்சைடாக 16 சதவீதம்’ என்று போட்டிருக்கும். 9.6-ஐவிட 16 பெரிது என்று கூடுதல் விலை கொடுப்பவர்கள் ஏமாறுகிறார்கள். மெக்னீசியம் ஆக்சைடின் வாய்பாட்டு நிறை 24.3 + 16 = 40.3. அதில் மெக்னீசியம் 60.3 சதவீதம். 16-ஐ 0.603-ஆல் பெருக்கினால் 9.6. ஒரே உப்பு, ஒரே சத்து, எழுதிய விதம்தான் வேறு. ஆக்சைடாக 25 சதவீதம் என்று போட்டிருந்தால் அது 15 சதவீத மெக்னீசியம்.

டோலமைட் 13 சதவீதம் என்கிறார்களே, விலையும் குறைவு, அதைப் போடலாமா என்றும் அவர் கேட்கிறார். கணக்கு சரிதான். டோலமைட்டின் வாய்பாட்டு நிறை 184.4, மெக்னீசியம் 13.2 சதவீதம். ஆனால் எத்தனை மோல் இருக்கிறது என்பதைத்தான் கணக்கு சொல்லும், கரையுமா என்று சொல்லாது. டோலமைட் கார்பனேட் வகை, தண்ணீரில் கரையாத கல். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களைப்போலப் புளிப்பு மண்ணாக இருந்தால் மெல்லக் கரைந்து சத்தும் தரும், புளிப்பையும் குறைக்கும். சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் அது கல்லாகவே கிடக்கும். பரிசோதனை அறிக்கையில் கார அமில நிலை 7-க்கு மேல் இருந்தால் டோலமைட் பக்கம் போக வேண்டாம்.

ஓசூர்ப் பகுதியில் பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி சின்னது. கால்சியம் நைட்ரேட்டையும் மெக்னீசியம் சல்பேட்டையும் ஒரே தொட்டியில் கரைத்தார், அடியில் வெள்ளையாக மண்டி தங்கி சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. மெக்னீசியம் நைட்ரேட்டுக்கு மாறினால் எவ்வளவு போட வேண்டும்?

அடைத்தது ஜிப்சம். கால்சியமும் சல்பேட்டும் அடர்த்தியாகச் சந்தித்தால் அப்படித்தான் படியும். இரண்டையும் தனித்தனித் தொட்டியில் கரைத்தாலே பிரச்சினை தீரும், மருந்து மாற்றத் தேவையில்லை. மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஆறு நீர் மூலக்கூறு கொண்ட மெக்னீசியம் நைட்ரேட்டின் வாய்பாட்டு நிறை 256.3. படிக உப்பின் 246.4-க்கு மிக அருகில். ஒரு கிலோ படிக உப்புக்குப் பதில் 1.04 கிலோ நைட்ரேட். ஆனால் அதோடு 114 கிராம் தழைச்சத்தும் சேர்ந்து போகிறது, கால் கிலோ யூரியாவுக்குச் சமம். அந்த அளவைத் தழைச்சத்து அட்டவணையில் கழித்துக்கொள்ள வேண்டும். சல்பேட் தந்துவந்த கந்தகம் நின்றுபோகும் என்பதால் அதை வேறு உரத்தில் கொடுக்க வேண்டியிருக்கும்.