அச்சடித்த பணம் எங்கே போனது?

"பணத்தைப் பெருக்கினால் விலைவாசி ஏறும், இதில் விவாதிக்க ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். விவாதிக்க நிறைய இருக்கிறது. பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மனைத் துணைக்கு அழைத்தவர், சமன்பாட்டில் பாதியைத்தான் காட்டியிருக்கிறார். பணத்தின் அளவை அது கைமாறும் வேகத்தால் பெருக்கினால் வருவது, விலைமட்டத்தை உற்பத்தியால் பெருக்கினால் வருவதற்குச் சமம். அந்த வேகமும் உற்பத்தியும் அசையாமல் இருந்தால்தான் அவர் சொன்ன முடிவு நிற்கும்.

2008 நிதி நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் அந்த முடிவு நிற்கவில்லை. அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் சொத்து மதிப்பு ஒரு லட்சம் கோடி டாலருக்கும் கீழிருந்து, 2014 முடிவில் சுமார் நாலரை லட்சம் கோடியானது. பணவீக்கம் வெடிக்கக்கூடும் என்று 2010இல் பொருளியலாளர்கள் சிலர் அப்போதைய ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னான்கிக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார்கள். வெடிக்கவில்லை. புதிய பணத்தில் பெரும்பகுதி வங்கிகளின் கையிருப்பாக ஃபெடரல் ரிசர்விலேயே கிடந்தது. கடன் கேட்க மக்களுக்குத் தெம்பில்லை, கொடுக்க வங்கிகளுக்குத் துணிவில்லை. வேலையிழந்தவர் வீட்டில் அடுப்பு அணைந்திருக்கும் நேரத்தில், வராத பணவீக்கத்தைக் காட்டி அரசின் கையைக் கட்டச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2022 ஜூனில் அங்கே பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டதே என்பார். தொட்டது. பணப்பெருக்கத்துக்கும் அதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் இம்முறை கொரோனா கால உதவித்தொகை நேராகக் குடும்பங்களின் கைக்குப் போனது. சரக்குப் போக்குவரத்து முடங்கியிருந்தது, உக்ரைன் போர் எரிபொருள் விலையை ஏற்றியது. 2022ஐ விரிவாக எழுதியவர், 2008ஐப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.